ரிமோட் காரை நொண்டியடிக்க வைக்கும் குட்டி 'பின்'!

"விர்...ர்!" வளைவில் முதல் ஆளாகப் பாய்ந்து வந்த கார் திடீரென்று நொண்டியடிக்கிறது. பின்னால் வந்த கார்கள் ஒவ்வொன்றாக முந்திப் போகின்றன. மேடையில் ரிமோட்டும் கையுமாக நிற்பவரின் முகம் தொங்கிப் போகிறது.

"என்னப்பா, பேட்டரி அவுட்டா?"

பேட்டரி அல்ல! தீக்குச்சித் தடிமன் உள்ள ஒரு 'பின்' கழன்று விழுந்து விட்டது. அவ்வளவுதான், பந்தயம் போச்சு!

பொம்மை அல்ல!

ரேடியோ அலையில் ஓடும் இந்த 'டூரிங்' கார், நிஜக் காரில் 10-ல் ஒரு பங்கு. எடை சுமார் ஒன்றரைக் கிலோதான். ஆனாலும் மணிக்கு 50 கிலோ மீட்டருக்கு மேல் பறக்கும்.

ஜப்பானில் ஷிசுவோகா நகரில் 1946-ல் மர வியாபாரத்தில் இறங்கிய டாமியா கம்பெனி, 1976-ல் 'போர்ஷே 934' காரை ரிமோட்டில் ஓட விட்டது. அதன் 'டி.டி.-02' ரகம் 2013-ல் வந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் கார் அது.

நாய் எலும்பு

மோட்டாரின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டு போவது 'டிரைவ் ஷாப்ட்' என்ற சின்னக் கம்பி. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு. புதிதாகப் பழகுவோரின் கார்களில் இதன் இரு முனையிலும் குமிழும் பின்னும் இருக்கும். பார்க்க நாய் கவ்வும் எலும்பு மாதிரி! பெயரே 'டாக் போன்'தான்.

கை தேர்ந்தவர்கள் 'யுனிவர்சல் ஜாயிண்ட்' ஷாப்டுக்கு மாறுகிறார்கள். லாரிக்கு அடியில் சுழல்கிறதே, அதன் குட்டித் தம்பி!

"ஒன்று கழன்றால் மற்ற மூன்றும் இழுக்காதா?" என்று கேட்கலாம். இழுக்காது! டிபரன்சியல், சும்மா சுற்றுகிற பக்கமே சக்தியைத் தள்ளி விடும். ஜோடிச் சக்கரமும் சோம்பி விடும். மிச்சம் இரண்டே சக்கரம்!

மாற்றுவது எப்படி?

சக்கரத்தின் நட்டைக் கழற்றினால், உள்ளே அறுகோணக் கட்டை. அதற்குள் ஒரு குறுக்குப் பின். உருண்டு ஓடிவிடும், தட்டில் போட்டு வைப்பது நல்லது. மேல் கையைக் கழற்றினால் ஷாப்ட் கையோடு வந்து விடும். கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்து விடும். வளைந்ததை நிமிர்த்த வேண்டாம், தூக்கிப் போட வேண்டியதுதான்.

பின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். விட்டால் அது மாட்டியிருக்கும் கிண்ணத்தையும் அரித்து விடும். பின்னோடு போகிற செலவு, கிண்ணத்துக்கும் சேர்ந்து விடும்!

யுனிவர்சல் ஜாயிண்டில் பின்னைப் பிடித்திருப்பது ஒரு பொடி ஸ்குரூ. அதன் மரையில் ஒரு சொட்டு மரைப்பசை வேண்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விட்டு விடும், ஜாக்கிரதை!

கிரீஸ் கொஞ்சம் போதும். அள்ளி அப்பினால் மண் ஒட்டி, உப்புத்தாள் மாதிரி தேய்த்து விடும்.

ஓட்டி முடித்ததும் சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஒரு நிமிடம் பார்த்தவர், அடுத்த பந்தயத்தில் மேடையில் முகம் தொங்க நிற்க மாட்டார்!