பெயரில்லாத கணக்கு

ஒரு தகவல் மனு எந்தெந்த மேசைகளைக் கடந்து போகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அந்த மனுவுக்கு வரக்கூடிய ஒரே ஒரு பதிலை எடுத்துக்கொள்வோம்: ‘நீங்கள் கேட்டது தனிநபர் தகவல், வழங்க இயலாது.’ 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் 8(1)(ஜே) என்ற பிரிவு தனிமனித அந்தரங்கத்தைக் காத்தது. ஆனால் பொதுப் பணியோடு தொடர்பில்லாத தகவலையும், காரணமின்றி அந்தரங்கத்தில் தலையிடும் தகவலையும் மட்டுமே மறுக்கலாம் என்று எல்லை வகுத்திருந்தது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3) பிரிவின் மூலம் அந்த எல்லையை அழித்துவிட்டது. 2025 நவம்பரில் இது நடைமுறைக்கும் வந்துவிட்டது. இனி தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம்.

இதனால் என்ன இழக்கிறோம் என்பதை, அரசு வேலைகளில் தொழிலாளர்களின் வருகையையும் கூலியையும் பதியும் ஏடான ஒரு மஸ்டர் ரோலை விரித்துப் பார்த்தால் புரிந்துவிடும். வரிசை எண், பெயர், தேதிவாரியாக வருகைக் குறி, மொத்த நாள், கூலி, ஓரத்தில் கைநாட்டு. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட்கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு தன் முதல் பொது விசாரணையை நடத்தியது. அதைத் தொடர்ந்து பல ஊர்களில் நடந்த விசாரணைகளில் இத்தகைய ஏடுகள் ஊரார் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டன. வேலைக்கே வராதவர்களும் எப்போதோ இறந்துபோனவர்களும் கூலி வாங்கியதாக எழுதியிருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. தணிக்கையாளர் பார்க்கும் கூட்டல் எப்போதும் சரியாகவே இருக்கும். பொய் ஒளிந்திருப்பது பெயரில். அந்தப் பெயரைக் கேட்டதும் ‘அவர் செத்து மூணு வருஷமாச்சே’ என்று சொல்லக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமே. பெயரை மறைத்துவிட்டால் அவருக்கு அந்த ஏட்டில் சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது. பொதுப்பணக் கணக்கில் பெயர்தான் சாட்சியம் என்கிறேன்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் புட்டசாமி வழக்கில் சொல்லிவிட்டதே என்று கேட்கலாம். சொன்னது உண்மை, அதை மதிக்கவும் வேண்டும். ஆனால் ஓர் உரிமையைக் கட்டுப்படுத்தும் நடவடிக்கை தேவைக்கு மிஞ்சியதாக இருக்கக் கூடாது என்ற அளவுகோலும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. தகவல் பெறுவதும் குடிமக்களின் உரிமைதான் எனும்போது, இரண்டையும் எடைபோட்டுப் பார்த்த பழைய வாசகம்தான் அந்த அளவுகோலுக்குப் பொருந்துகிறது. நீதிபதி ஏ.பி.ஷா தலைமையிலான நிபுணர் குழுவும் 2012லேயே, தகவல் உரிமைச் சட்டப்படி தரப்படும் தகவலை அந்தரங்க மீறலாகக் கருதக் கூடாது என்று பரிந்துரைத்திருந்தது.

அரசு சொல்லும் சமாதானம் வேறு: பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்னும் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு அப்படியேதானே இருக்கிறது? இருக்கிறதுதான். ஆனால் சுமை இடம் மாறிவிட்டது. முன்பு, இது பொதுப் பணியோடு தொடர்பற்றது என்று அலுவலர் காரணம் காட்ட வேண்டியிருந்தது. இப்போது பொதுநலனை நிறுவ வேண்டியவர் மனுதாரர்; அதுவும், ஏட்டைப் பார்ப்பதற்கு முன்பே, அதில் இருக்கும் முறைகேட்டைக் காட்டி! பழைய பிரிவின் கீழும் அலுவலர்கள் தாராளமாகத் தந்துவிடவில்லை. அரசு ஊழியரின் பணி விவரங்கள் பலவும் தனிப்பட்டவையே என்று 2012இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் வந்த தீர்ப்பைக் காட்டி எத்தனையோ மனுக்கள் திருப்பப்பட்டன. அப்போது வாதாடவாவது இடம் இருந்தது.

ஒரு கவலையை மட்டும் லேசாக ஒதுக்க முடியாது. ஏழைத் தொழிலாளியின் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் வெளியே போனால் மோசடிக்காரர்கள் கையில் சிக்குபவர் அவர்தான். அதற்கான வழி தகவல் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவிலேயே இருக்கிறது: தரக்கூடாத பகுதியை நீக்கிவிட்டு மீதியைத் தரலாம். ஏட்டில் அந்த இரண்டு எண்களையும் மறைத்துவிட்டு பெயர், நாள், கூலி மூன்றையும் காட்டினால் யாருக்கும் நட்டமில்லை. இதற்காக முழு ஏட்டையும் பூட்டி வைக்கத் தேவையில்லை.

2005இன் வாசகத்தை நாடாளுமன்றம் மீட்டுத் தர வேண்டும். அதுவரை, மறுப்புக் கடிதம் கைக்கு வந்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். 8(2), 10 ஆகிய இரண்டு பிரிவுகளையும் மனுவிலேயே குறிப்பிட்டு, எந்த விவரத்தை மறைக்கலாம், எந்த விவரம் வேண்டும் என்று தனித்தனியாக எழுதுங்கள்.