குளத்தில் மிதப்பது அசோலாவா, விஷப் பாசியா? மாட்டுக்கு அள்ளிப் போடும் முன் இதைப் பாருங்க!

அசைவில்லாத குளம், குட்டைகளில் பச்சைக் கம்பளம் போல ஏதோ படர்ந்திருக்கும். "அசோலாதானே, மாட்டுக்கு நல்லது" என்று சிலர் அப்படியே அள்ளி விடுகிறார்கள். ஆனால் பச்சையாக மிதப்பதெல்லாம் அசோலா இல்லை. அதில் ஒன்று கால்நடையின் உயிரையே பறிக்கும்.

முதலில் குச்சி சோதனை

வெறும் கையை விடாதீங்க. நீளமான குச்சியைத் தண்ணீரில் விட்டு எடுங்க.

* தனித்தனிப் பொட்டாக ஒட்டினால்: செடி.
* நூல் நூலாகத் தொங்கினால்: இழைப்பாசி.
* பெயிண்டில் முக்கியது போலப் பச்சையாக வழிந்தால்: நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம்.

நீலப்பச்சைப் பாசியின் சில வகைகள் கல்லீரலையும் நரம்பையும் தாக்கும் நச்சுகளை உருவாக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தாலே ஆடு, மாடு, நாய் இறந்து போகலாம். எது நச்சு வகை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் ஒதுங்குவதே நல்லது.

செடி என்றால், எந்தச் செடி?

அசோலா: பெரணி இனம். விரல் நகம் அளவில், செதில் செதிலாக அடுக்கிய இலைகள். கடும் வெயிலில் செந்நிறமாகும். இலைக்குள் வாழும் அனபீனா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்த்துத் தரும். அதனால்தான் இதில் புரதம் அதிகம்.

லெம்னா: 2 முதல் 5 மில்லிமீட்டர் வரையுள்ள வழவழப்பான பச்சைத் தட்டு. அடியில் ஒரே ஒரு வேர். வாத்தும் மீனும் விரும்பித் தின்னும்.

உல்ஃபியா: ரவை போன்ற பச்சை மணிகள், வேரே கிடையாது. உலகின் மிகச்சிறிய பூக்கும் தாவரம் இதுதான்.

சல்வீனியா: ஜோடி ஜோடியாக இலைகள், மேலே நுண்ணிய முடிகள். தண்ணீர் விட்டாலும் ஒட்டாது. பிரேசிலில் இருந்து வந்த இந்தக் களை, கேரளாவின் குட்டநாட்டில் வாய்க்கால்களையே அடைத்தது. தீவனம் என்று நினைத்து வேறு குளத்துக்குக் கொண்டுபோனால், அங்கேயும் பரவிவிடும்.

அசோலாவேதான், அப்போ போடலாமா?

அது எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று பாருங்க. அசோலாவும் லெம்னாவும் தண்ணீரில் உள்ள ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களை உறிஞ்சக்கூடியவை. சாக்கடையோ ஆலைக் கழிவோ கலக்கும் குட்டையில் வளர்ந்தது தீவனத்துக்கு ஆகாது. வீட்டுத் தொட்டியில் நல்ல தண்ணீரில் வளர்த்ததைக் கழுவிக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

பெயிண்ட் போலப் படர்ந்த குளத்தில் மாடு தண்ணீர் குடித்துவிட்டதா? தள்ளாட்டம், நடுக்கம், மூச்சுத்திணறல் தெரியும்வரை காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.