நீண்ட சங்கிலி பரப்பைப் பற்றுவது எங்ஙனம்?

விளக்குக்கரியை நீரில் கலக்கினால் சிறிது நேரத்தில் அது திரண்டு அடியில் தங்கிவிடும். வேலம்பிசினைக் கரைத்துச் சேர்த்தாலோ, அதே கரி பல மாதங்கள் படியாமல் நிற்கும். பண்டை எகிப்தியர் எழுதிய மை இத்தகையதே. 1991-இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு இயற்பியலறிஞர் பியேர் ஜில் தெ ஜென், பாலிமர்களைப் பற்றிப் பேசும்போது இம்மையை எடுத்துக்காட்டுவதுண்டு.

பிசினில் உள்ளவை பாலிமர்கள். அதாவது, சிற்றுறுப்புகள் பல கோத்த சங்கிலிகள். அவை கிளைத்தவை, எனினும் எளிமை கருதிக் கிளையற்றனவாகக் கொள்வோம். அவை கரித்துகளின் மேற்பரப்பைப் பற்றுகின்றன. இதனை 'உறிஞ்சல்' என்பது பொருந்தாது, உறிஞ்சல் உள்ளிழுப்பது. 'பரப்புக் கவர்ச்சி' என்பதே தகும்.

பற்றுவதற்கு ஒரு விலை உண்டு. கனசதுரக் கட்டமொன்றில் சங்கிலி அடியடியாக நடப்பதாக எண்ணுவோம். வந்த வழியே திரும்பாவிடில், வெளியில் ஒவ்வோர் அடிக்கும் 5 திசைகள். தளத்தில் படுத்துவிட்டால் 3 மட்டுமே. 100 அடிகளில் இழக்கும் உருவங்களின் விகிதம் ஏறத்தாழ 1-ஐ அடுத்து 22 சுழியங்கள். இவ்வளவு பேரிழப்பை ஈடுசெய்ய வலிய பிணைப்பு வேண்டுமெனத் தோன்றும். வேண்டியதில்லை. ஒவ்வோர் உறுப்பும் வெப்ப ஆற்றலின் 0.6 மடங்கு அளவே கவரப்பட்டாலும், 100 உறுப்புகளும் சேர்ந்து தரும் ஈடு 1-ஐ அடுத்து 26 சுழியங்கள் ஆகிறது. தனி உறுப்பு எளிதில் கழன்றுவிடும். அனைத்தும் ஒருங்கே கழல்வதே அரிது.

உண்மையில் சங்கிலி முழுவதும் படுப்பதில்லை. சில பகுதிகள் பரப்பைத் தொட, ஏனையவை வளைவுகளாக நீருக்குள் எழுகின்றன. ஆகையால் இதனினும் குறைந்த கவர்ச்சியே போதும். தன்னைத்தான் வெட்டாத சங்கிலிக்கு இவ்வெல்லையைத் துல்லியமாகக் காண்பது கடினம். இரு பரிமாணத் தேன்கூட்டுக் கட்டத்துக்கு, ஒரு தொடுகைக்குரிய எடை 1+√2 என்று 1995-இல் பாச்சலரும் யுங்கும் ஊகித்தனர். பீட்டன் முதலிய ஐவர் தந்த கணித நிறுவல் 2014-இல் அச்சேறியது.

நீருக்குள் எழுந்த வளைவுகளே மையைக் காக்கின்றன. இரு துகள்கள் நெருங்கினால் வளைவுகள் நெருக்குண்டு உருவச் சுதந்திரத்தை இழக்கும். ஆதலால் துகள்கள் விலகுகின்றன. ஒட்டுதலைத் தடுத்த அதே சுதந்திரம் இங்கே காவலாகிறது.

பாலிமரின் அளவு மிகக் குறைந்தால் விளைவு தலைகீழாகலாம். பரப்பில் வெற்றிடம் மிகுவதால் ஒரே சங்கிலி இரு துகள்களைப் பற்றிப் பாலமாகும். துகள்கள் திரண்டு படியும். கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலக்கும் பழந்தமிழ் வழக்கத்தில், அவ்விதையிலுள்ள நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளுக்குப் பங்குண்டு.