அமுக்கிய காற்றும் அதனுள் மறைந்த நீரும்

தமிழாசிரியராகிய நாம் இயந்திரத்தைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு பழைய மாணவர் சிலர் நகைத்தல் கூடும். அதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், நம்மிடம் இலக்கணம் பயின்ற மாணவரொருவர் வாகனங்களுக்கு வர்ணந் தெளிக்கும் பட்டறையொன்றில் வேலைசெய்து வந்தார். ருவான்வெல்லையில் மழை விடாது பெய்த ஆனி மாதத்தில் அவர் தெளித்த வர்ணமெல்லாம் கொப்புளங் கொண்டது. “உன் கை சரியில்லை” என்று சொல்லிக் கூலியிற் பிடித்தார்கள். உண்மையான குற்றவாளி காற்றிலிருந்த நீரே என்பதைப் பின்னர் அவர் கண்டறிந்து நமக்கும் விளக்கினார். மாணவரிடம் ஆசிரியர் கற்ற அப்பாடத்தையே இங்கு எழுதுகின்றோம்.

காற்றை அமுக்கித் தாங்கியில் அடைத்து, குழாய்வழிச் செலுத்தி வேலை வாங்கும் முறை இன்று எங்கும் பரவியுள்ளது. டயருக்குக் காற்றடிப்பதும் அதுவே. கேகாலை மாவட்டத்துப் போகலைக் காரீயச் சுரங்கம் போன்ற இடங்களிற் பாறையைத் துளைக்கும் கருவிகளை இயக்குவதும் அதுவே. பிரான்சையும் இத்தாலியையும் இணைக்க அல்ப்ஸ் மலையைக் குடைந்து, 1857இல் தொடங்கி 1871இல் திறக்கப்பெற்ற புகையிரதச் சுரங்கத்தில் சொமெய்யே என்னும் பொறியியலாளர் இம்முறையைக் கையாண்டு புகழ் பெற்றார். கருவியை ஓட்டிய காற்றே உள்ளிருந்த தொழிலாளர் சுவாசிக்கவும் உதவியது.

இக்காற்றினுள் நீர் எவ்வாறு வருகின்றது? 30 பாகை சதம வெப்பத்தில் ஒரு கனமீற்றர் வெளி ஏறக்குறைய 30 கிராம் நீராவியையே கொள்ளும். மழைக்காலத்தில் நம்மூர்க் காற்றில் அதன் ஐந்தில் நான்கு பங்கு, அஃதாவது 24 கிராம், எளிதில் இருக்கும். எட்டுக் கனமீற்றர் காற்றை அமுக்கி ஒரு கனமீற்றருள் அடைத்தால், அதனுள் 192 கிராம் நீராவி சேர்கின்றது. அமுக்கும்போது காற்றுச் சூடேறுதலால் நீர் ஆவியாகவே மறைந்து நிற்கும். சூடு தணிந்து பழைய நிலைக்கு வந்ததும், 30 கிராம் போக எஞ்சிய 160 கிராம் அளவு நீராகி வீழும். நிமிடத்துக்கு ஒரு கனமீற்றர் வெளிக்காற்றை இழுக்கும் சிறிய கொம்பிரசர், எட்டு மணி நேரத்தில் ஒன்பது லீற்றருக்கு மேற்பட்ட நீரை இவ்வாறு சேர்த்துவிடும். ஒரு வாளி நீர் என்க.

இந்நீர் செய்யும் தீங்குகள் பல. குழாயை அரிக்கும், கருவியின் மசகெண்ணெயைக் கழுவிச் செல்லும். துளைகருவியை விட்டு வெளியேறும் காற்று விரிந்து கடுங்குளிர் அடைதலால், அங்கே பனிக்கட்டி படிந்து வாயை அடைப்பதும் உண்டு. எல்லாவற்றிலும் கொடியது, தாங்கி உட்புறமாகத் துருவேறி மெலிதல். வெளியே வர்ணம் மின்னும்; உள்ளே இரும்பு தேய்ந்திருக்கும். அத்தகைய தாங்கி வெடித்தால் அருகில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

பரிகாரத்தின் அடிப்படை இரண்டு சொற்களில் அடங்கும்: குளிர்வி, வடி. கொம்பிரசரை விட்டு வரும் சூடான காற்றை நீராலோ விசிறியாலோ முதலிற் குளிர்வித்து, பிரிந்த நீரை உடனே வெளியேற்றல் வேண்டும். தாங்கியை நிழலில் வைத்தல் நன்று. குழாய்கள் காற்றோடும் திசையில் நூறு அடிக்கு ஓரடி தாழ்ந்து செல்லுதல் வேண்டும். கிளைக் குழாயைப் பெருங்குழாயின் மேற்புறத்திலிருந்து எடுத்தால், அடியில் ஓடும் நீர் கருவிக்குள் இறங்காது. தாழ்ந்த இடந்தோறும் வடிகுழாய் வேண்டும்.

இவற்றின் மேலும் உலர்ந்த காற்று வேண்டுமாயின், ஏறத்தாழ 3 பாகைவரை குளிர்விக்கும் உலர்த்திகள் உள்ளன. மருந்து செய்யுமிடங்களுக்கும் நுண்ணிய கருவிகளுக்கும் அதுவும் போதாதெனின், சிலிக்காசெல் போன்ற ஈரமுறிஞ்சும் பொருள் நிரப்பிய இரட்டைக் கோபுரங்களை அமைப்பர். ஒன்று காற்றை உலர்த்துகையில் மற்றையது தான் உலரும். இவை செலவு மிக்கவை. டயருக்குக் காற்றடிப்பவர்க்கு வேண்டாதவை.

ஆயின் எவரும் கைவிடலாகாத வேலை ஒன்றுண்டு. தாங்கியின் அடியிலுள்ள வடிவாயை நாள்தோறும், முகத்தை விலக்கிக்கொண்டு, மெல்லத் திறந்து நீரை வடித்தலே அது. வடியும் நீரில் எண்ணெய் கலந்திருத்தலால் அதனை ஓடையில் ஊற்றலாகாது. நம்மூர் ஓடைகள் களனி கங்கையையே சேர்கின்றன. அக்கங்கை நீரையே கொழும்பு மக்கள் பருகுகின்றனர்.

நம் மாணவர் பட்டறைத் தாங்கியின் வடிவாயை முதன்முறை திறந்தபோது, செந்நிற நீர் நெடுநேரம் பீறிட்டதாம். அது எத்தனை மாதத்து நீரோ! முதலாளியை அழைத்து அதனைக் காட்டினார். பிடித்த கூலி திரும்ப வரவில்லை. ஆயினும் அதன்பின் எவர் கூலியிலும் அக்காரணத்தாற் பிடிக்கப்படவில்லை. இன்று அப்பட்டறையிற் புதிதாகச் சேரும் இளைஞர் எவராயினும், காலையில் முதலிற் செய்யும் வேலை அவ்வடிவாயைத் திறத்தலே.

தோட்டத்து லயங்களிலிருந்து இக்கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் பலர் நாளை இயந்திரங்களின் முன் நிற்பார்கள். தன் கையிலுள்ள கருவி இயங்கும் காரணத்தை அறிந்தவன், செய்யாத குற்றத்துக்குத் தலைகுனியான். ஆகலின் காரணம் கேட்கும் பழக்கத்தை மாணவர் வகுப்பிலேயே பயில்வாராக.