செயலிழக்கும் இதயத்துக்குக் கீட்டோன் எரிபொருள்

இதயத் தசைக்கு ஓய்வே கிடையாது. ஒரு நாளில் அது உண்டாக்கிச் செலவழிக்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு கிலோ கணக்கில் வரும். கையிருப்போ சில நொடிகளுக்குத்தான் போதும். நலமான இதயம் பெரும்பாலும் கொழுப்பு அமிலங்களை எரித்தே இந்த ஆற்றலைப் பெறுகிறது. இதயச் செயலிழப்பில் அந்த எரிப்பு மந்தமாகிவிடுகிறது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாப்பிடாமல் இருக்கும் நேரங்களில் கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களைத் தயாரிக்கிறது. செயலிழக்கும் இதயம் இவற்றை வழக்கத்தைவிட அதிகமாக எரிப்பதை 2016இல் 'சர்குலேஷன்' இதழில் வெளியான இரண்டு ஆய்வுகள் காட்டின. ஒன்று எலிகளில் நடந்தது, மற்றது மனித இதயத் திசுக்களில். அப்படியானால் கீட்டோனை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன ஆகும்?

டென்மார்க்கின் ஆர்ஹஸ் ஆய்வாளர்கள் அதைச் சோதித்தார்கள். சுருங்கும் திறன் குறைந்த இதயம் கொண்ட 16 பேருக்குப் பீட்டா-ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்ற கீட்டோனை ரத்த நாளம் வழியே செலுத்தினார்கள். இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தம் சுமார் 2 லிட்டர், அதாவது ஏறக்குறைய 40 சதவீதம் கூடியது. 2019இல் வெளியான இந்த முடிவு வியப்பூட்டுவது. ஆனால் எரிபொருள் கிடைத்ததால் மட்டுமே இது நடந்தது என்று சொல்லிவிட முடியாது; கீட்டோன் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, இதயம் தள்ள வேண்டிய சுமையையும் குறைக்கிறது.

நாள்தோறும் ரத்த நாளத்தில் ஏற்றுவது நடைமுறைக்கு ஒத்துவராது. அதனால் கவனம் கீட்டோன் எஸ்டர் பானத்தின் பக்கம் திரும்பியது. கசப்பும் குமட்டலும் தரும் பானம் அது. அதே குழுவினர் 24 நோயாளிகளுக்கு அதை இரண்டு வாரம் கொடுத்து, போலிப் பானத்துடன் ஒப்பிட்டார்கள். 2024இல் வந்த முடிவின்படி, ஓய்வில் ரத்த வெளியேற்றம் சற்றே கூடியது. உடற்பயிற்சியின்போது இதயத்தில் ஏறும் அழுத்தம் குறைந்தது.

இதை வைத்து நோயாளி கூடுதல் தூரம் நடப்பார் என்று முடிவுகட்டுவது அவசரம். நடக்கும் திறனை அளப்பவை ஆறு நிமிட நடையும் உச்ச ஆக்சிஜன் பயன்பாடும். அவை இதயத்தை மட்டும் சார்ந்தவை அல்ல. நீண்ட நோயில் மெலிந்த கால் தசையும், ரத்தசோகையும், நுரையீரலும் அவற்றைத் தீர்மானிக்கின்றன. சில பத்துப் பேரிடம் இரண்டு வாரம் நடத்திய சோதனை இதற்கு விடை தராது.

கடைகளில் விற்கும் கீட்டோன் பொடிகள் வேறு வகை. அவற்றில் பல உப்பு வடிவில் இருப்பதால் சோடியம் மிகுதி; உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய நோயாளிக்கு அது நீர்கோத்த வீக்கத்தைக் கூட்டக்கூடும். இன்சுலின் குறைபாடு உள்ள நீரிழிவாளருக்கும், உடலில் கீட்டோனைச் சற்று உயர்த்தும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுப்பவருக்கும் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து ஏற்கெனவே உண்டு. மருத்துவரைக் கேட்காமல் அவர்கள் இதைத் தொடவே கூடாது.