தகயாமா: ஒரு மலைநகரின் உணவு

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் அரண்மனைகளையும் கல்வெட்டுகளையும் நாடிச் செல்வர். அவர்கள் அந்நாட்டின் அடுப்பங்கரையையும் ஒருமுறை எட்டிப்பார்ப்பது நல்லது. அரசர்கள் எழுதிவைக்க மறந்த செய்திகள் பல அங்கே அழியாமல் இருக்கின்றன. ஜப்பான் நாட்டு மலைநகர் ஒன்றின் அடுப்பங்கரைக்கு இன்று உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அந்நகரின் பெயர் தகயாமா. உயர்ந்த மலை என்பதே அப்பெயரின் பொருள்.

ஜப்பானின் பெருந்தீவாகிய ஹொன்ஷுவின் நடுப்பகுதியில், கிஃபு மாநிலத்தின் வடபால் அமைந்தது இந்நகர். இப்பகுதிக்கு ஹிதா என்பது பழம்பெயர். நகோயாவிலிருந்து புகைவண்டியில் ஏறினால், ஆற்றோரமாக வளைந்து வளைந்து சென்று, ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் தகயாமாவை அடையலாம். கிழக்கே 3,026 மீட்டர் உயரமுள்ள நொரிகுராவும், 3,190 மீட்டர் உயரமுள்ள ஒக்குஹொதாகாவும் மதில்போல் நிற்கின்றன. 2005-ஆம் ஆண்டில் சுற்றியுள்ள ஊர்கள் பல இணைக்கப்பட்ட பின்னர், பரப்பளவில் ஜப்பானிலேயே மிகப் பெரிய நகராட்சியாக இது ஆயிற்று. ஆயினும் அந்தப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் காடுதான். சனவரித் திங்களில் சராசரி வெப்பநிலை சுழியத்திற்கும் கீழே இறங்கிவிடும்.

இத்தகைய ஓரிடத்தில் வாழ்ந்தவர்களுக்கு எவையெல்லாம் இல்லாமற் போயின என்று எண்ணிப்பாருங்கள். கடல் இல்லை. நெல் விளையும் அகன்ற சமவெளி இல்லை. பனி மூடிய மாதங்களில் பச்சைக் காய்கறி இல்லை. ஜப்பானில் பாறை உப்பும் கிடைப்பதில்லை. உப்பு முழுவதும் கடலிலிருந்தே வரவேண்டும். எனவே, உப்புக்கூட மலை கடந்துதான் ஹிதாவுக்குள் நுழைந்தது. எட்டாம் நூற்றாண்டுச் சட்டமொன்று இம்மாநிலத்தின் வறுமைக்குச் சான்று பகர்கிறது. மற்ற மாநிலங்கள் வரியாகச் செலுத்திய சில பொருள்களிலிருந்து ஹிதாவுக்கு விலக்கு அளித்து, அவற்றுக்கு ஈடாக ஆண்டுதோறும் தச்சர்களைத் தலைநகருக்கு அனுப்புமாறு அச்சட்டம் பணித்தது. ஹிதாத் தச்சர் என்ற புகழ்ப்பெயர் அவ்வாறு பிறந்ததே. மலையிலிருந்து மனித உழைப்பு வெளியே சென்றது. மலைக்குள் உப்பும் மீனும் வந்தன. இந்தக் கொடுக்கல் வாங்கலை மனத்தில் இருத்திக்கொண்டால், தகயாமாவின் உணவு முழுவதும் நமக்கு விளங்கிவிடும். அங்குள்ள சிறப்புணவுகளுள் பெரும்பாலானவை ஏதோ ஓர் இல்லாமைக்கு மக்கள் கண்ட விடைகள்.

நகருக்குச் செல்வோர் முதலில் காணவேண்டியது காலைச் சந்தை. மியகாவா ஆற்றின் கரையில் ஒன்றும், பழைய அரசாங்க அலுவலகத்தின் முன்னே ஒன்றுமாக இரண்டு சந்தைகள் நாள்தோறும் காலையில் கூடி நண்பகலில் கலைகின்றன. 1692-ஆம் ஆண்டில் தொக்குகாவா ஆட்சியினர் ஹிதாவைத் தம் நேரடி ஆட்சியின்கீழ்க் கொண்டுவந்தனர். அவர்களுடைய அலுவலர்கள் இருந்து ஆண்ட கட்டடம் இன்றும் பேணிக் காக்கப்படுகிறது. அதன் எதிரே, உழவர் வீட்டுப் பெண்டிர் தம் தோட்டத்துக் காய்களையும் தாமே போட்ட ஊறுகாய்களையும் பரப்பி வைத்திருப்பார்கள். அவற்றுள் செக்கச் செவேலென்று கண்ணைக் கவரும் ஊறுகாய் ஒன்று உண்டு. அது செந்நிற டர்னிப் கிழங்கினால் ஆனது.

இக்கிழங்கின் கதை சுவையானது. அந்தப் பகுதியில் ஊதா நிறம் படர்ந்த டர்னிப் ஒன்று நெடுங்காலமாகப் பயிராகி வந்தது. 1918-ஆம் ஆண்டில் அதனிடையே தற்செயலாகச் சிவந்த தோலுடைய கிழங்கு ஒன்று தோன்றியது. அதன் விதையைப் பேணி வளர்த்ததே இன்றைய ஹிதாச் செங்கிழங்கு. தோல் மட்டும்தான் சிவப்பு. அறுத்தால் உள்ளே வெண்மை. உப்பிட்டு அழுத்தி வைத்தால், நுண்ணுயிர்கள் புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பில் தோலின் சாயம் மேலும் சிவந்து, கிழங்கின் உள்ளேயும் ஊறிப் பரவுகிறது. சிவப்புச் சாயம் எதுவும் சேர்க்காமலே கிழங்கு முழுவதும் சிவந்துவிடுகிறது. வேதியியல் பயிலும் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் காணும் நிறமாற்றத்தை, ஹிதாவின் பாட்டிமார் மரத்தொட்டியில் கண்டு வந்தனர்.

பனிக்காலம் முழுவதும் இந்த ஊறுகாயே காய்கறியாக உதவியது. கடுங்குளிரில் தொட்டியிலுள்ள ஊறுகாய் உறைந்து கட்டியாகிவிடும். அதை எப்படி உண்பது? நெருப்பின்மேல் வைத்துச் சூடாக்கி உண்டார்கள். அந்த வழக்கத்தின் வழித்தோன்றலாக இன்று உணவு விடுதிகளில் ஒரு பண்டம் கிடைக்கிறது. புளித்த சீன முட்டைக்கோசு ஊறுகாயைச் சூடான இரும்புத் தட்டில் வதக்கி, அதன்மேல் முட்டையை ஊற்றிப் பரிமாறுகிறார்கள். அதற்கு ஊறுகாய் 'ஸ்டேக்' என்று விளையாட்டாகப் பெயரும் வைத்திருக்கிறார்கள். இறைச்சி வாங்க இயலாத காலத்தின் நினைவு அந்தப் பெயரில் ஒளிந்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

அடுத்துச் சொல்லவேண்டியது ஹோபா மிசோ. ஹோ என்பது நம் செண்பகத்தின் இனத்தைச் சேர்ந்த மரம். அதன் இலை ஒரு முழத்திற்குச் சற்றுக் குறைவாக நீண்டு வளரும். இலையுதிர் காலத்தில் உதிரும் இலைகளைப் பொறுக்கி உலர்த்தி வைப்பார்கள். வேண்டும்போது நீரில் நனைத்து, சிறு கரி அடுப்பின்மேல் விரிப்பார்கள். அந்த இலைமேல் மிசோவை இட்டு, வெங்காயத்தாளும் காளானும் தூவிச் சுடுவார்கள். மிசோ என்பது சோயா மொச்சையை வேகவைத்து, உப்பும் பூஞ்சைக்காளான் வளர்த்த அரிசியும் சேர்த்து, பல மாதங்கள் புளிக்கவைத்த விழுது. அடியில் இலை மெல்லக் கருகும். மேலே மிசோ கொதிக்கும். இலையின் மணம் விழுதில் ஏறும். அதைச் சிறிது சிறிதாக எடுத்துச் சோற்றோடு உண்பர். காட்டில் வேலை செய்தவர்கள் தட்டுக்கும் சட்டிக்கும் பதிலாக இலையைக் கொண்டனர் என்று இதன் தோற்றத்தைக் கூறுவர். கோடையின் தொடக்கத்திலோ இதே மரத்தின் பச்சை இலையில் சோற்றைப் பொதிந்து, ஹோபா சுஷி என்று செய்கிறார்கள். இலையில் உணவைப் பொதிந்து வழிநடைக்கு எடுத்துச் செல்லும் அறிவு நமக்கும் புதியதன்று.

மீன் அரிதாகிய நாட்டில் சோயா மொச்சையே உடலுக்கு வலிமை தந்தது. அதன் பாலைத் திரித்துச் செய்யும் வெண்கட்டிக்குத் தோஃபு என்று பெயர். தகயாமாவில் அதனை வைக்கோலில் சுருட்டிக் கட்டி நெடுநேரம் வேகவைப்பார்கள். கட்டியினுள்ளே சிறு சிறு துளைகள் உண்டாகும். சாற்றில் இட்டால் அத்துளைகள் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். பிரித்துப் பார்த்தால் மேலே வைக்கோலின் வரிகள் பதிந்திருக்கும். இதற்குக் கொமோ தோஃபு என்று பெயர். மரக்கறி உணவினர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஜப்பானியச் சாறுகள் பலவற்றில் உலர்ந்த மீனின் சத்து கலந்திருக்கும். பார்வைக்கு மீன் தெரியாது. ஆகையால் கேட்டு அறிந்து உண்பதே நலம்.

தெருவில் நடக்கும்போது சோயாச் சாறு கருகும் மணம் நம்மை நிறுத்திவிடும். அரிசிமாவு உருண்டைகளைக் குச்சியில் கோத்து, சோயாச் சாறு பூசித் தணலில் சுடுகிறார்கள். மித்தராஷி தாங்கோ என்பது அதன் பெயர். ஜப்பானின் மற்ற இடங்களில் இதே பெயருடைய பண்டம் இனிப்புப் பாகில் தோய்ந்திருக்கும்; தகயாமாவில் இனிப்பே கிடையாது. சோற்றை மசித்துக் குச்சியில் அப்பி, எகோமா விதை அரைத்த விழுதைப் பூசிச் சுடும் கொஹெய்மொச்சியும் உண்டு. எகோமா துளசிக் குடும்பத்துச் செடி. அதன் விதை மலைநாட்டவர்க்கு எண்ணெய்ச் சத்தை அளித்தது.

தகயாமாவில் ஒருவர் 'சொபா உண்போம்' என்று அழைத்தால், எதை உண்ண அழைக்கிறார் என்று நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். சொபா என்பது குளிர்நிலத்தில் குறுகிய காலத்தில் விளையும் ஒரு தானியம். அதன் மாவில் செய்யும் சேவைக்கும் அதுவே பெயர். ஆனால் தகயாமா மக்கள் அச்சொல்லால் பெரும்பாலும் சீனமுறைக் கோதுமைச் சேவையைக் குறிக்கின்றனர். மெல்லிய சுருள்சேவையைச் சோயா சேர்த்த சூடான சாற்றில் இட்டுத் தருவார்கள். சாற்றையும் சோயாவையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்துக் கொதிக்கவைப்பது இவ்வூரின் முறை. 1938-ஆம் ஆண்டில் ஒரு தள்ளுவண்டிக் கடையில் இது தொடங்கியதாகச் சொல்வர்.

இன்று வெளியூரார் தகயாமாவை அறிந்திருப்பது ஹிதா மாட்டிறைச்சியினால். இதனை உண்ணாதவர்களும் இதன் வரலாற்றை அறியலாம். 675-ஆம் ஆண்டில் தெம்மு பேரரசர் மாடு, குதிரை முதலிய சில விலங்குகளின் இறைச்சியை உண்பதற்குத் தடை விதித்தார். பின்வந்த நூற்றாண்டுகளில் புத்த சமயத்தின் செல்வாக்கும் சேர்ந்து, மாட்டிறைச்சி பொது வழக்கிலிருந்து விலகி நின்றது. 1872-ஆம் ஆண்டில் மெய்ஜி பேரரசர் தாமே அதனை உண்டதாகச் செய்தி வெளியிடப்பட்டது. அதற்கு முன் மாடு ஏர் உழுதது, சுமை தாங்கியது. ஹிதா மாடு பெயர் பெற்றதோ மிக அண்மையில்தான். 1981-ஆம் ஆண்டில் ஹியோகோ மாநிலத்திலிருந்து யசுஃபுக்கு என்னும் காளையைக் கிஃபு மாநிலத்தார் வாங்கினர். அதன் வழிவந்த மாடுகளே அப்புகழுக்கு அடிப்படை. ஆகவே, புகழ் மிக்க பண்டமே இவற்றுள் வயதில் இளையது.

இனி, கடல்மீனின் கதைக்கு வருவோம். தொயாமா வளைகுடாவில் குளிர்காலத்தில் புரி என்னும் பெருமீன் பிடிபடும். அதனை உப்பிட்டு, மனிதர் முதுகிலும் மாட்டின் முதுகிலும் ஏற்றித் தகயாமாவுக்குக் கொணர்ந்தனர். ஆண்டின் இறுதி நாளில் புரி உண்பது ஹிதாவில் வழக்கம். ஒரு பகுதி மீன் அங்கிருந்து 1,672 மீட்டர் உயரமுள்ள நொமுகிக் கணவாயைக் கடந்து மத்சுமோத்தோவுக்குச் சென்றது. அங்கே அதற்கு 'ஹிதா புரி' என்று பெயர். கடலே இல்லாத ஹிதாவின் பெயரை ஒரு கடல்மீன் தாங்கிய விந்தையைப் பாருங்கள்!

அதே கணவாயின் வழியே மற்றொரு கூட்டமும் நடந்தது. மெய்ஜி காலத்திலும் அதன் பின்னரும் ஹிதாவின் ஏழைப் பெண்கள், பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமியர் உட்பட, ஒகாயாவின் பட்டு ஆலைகளில் வேலை செய்யப் பனியினூடே நடந்து சென்றனர். ஆண்டு இறுதியில் கூலியோடு வீடு திரும்பினர். வழியிலேயே உயிர் துறந்தவரும் உண்டு. யமமோத்தோ ஷிகெமி என்னும் எழுத்தாளர், முதுமையடைந்த அப்பெண்கள் பலரைத் தேடிக் கண்டு வினவி, 1968-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நீண்ட நேர வேலையும் நோயும் அந்நூலில் வருகின்றன. ஆனால் ஆலையில் உணவு எப்படி இருந்தது என்ற கேள்விக்கு, மிகப் பலர் நன்றாக இருந்தது என்றே விடை கூறினர். காரணம் எளியது. ஆலையில் சோறு கிடைத்தது. வீட்டிலோ, பலருக்கு நாள்தோறும் கிடைத்தது ஹியே என்னும் சிறுதானியம். அது நம் குதிரைவாலியின் இனம்.

இந்த ஒரு விடை என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. ஒருவர் ஓர் உணவை நன்று என்று சொல்லும்போது, அவர் முன்பு என்ன உண்டார் என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும் என்று அதனால் கற்றேன். 1934-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை மலையை ஊடுருவிச் சென்றது. பின்னர் நல்ல சாலைகள் வந்தன. இன்று தகயாமாவின் கடைகளில் கடல்மீனும் உண்டு. பனிக்காலத்திலும் பச்சைக் காய் உண்டு. இல்லாமை அகன்ற பின்னும், அது கற்பித்த சமையலை மக்கள் விரும்பிக் காத்து வருகின்றனர். ஊறுகாயும், இலையில் சுட்ட மிசோவும் விருந்தினர்முன் பெருமையோடு வைக்கப்படுகின்றன. ஆனால் அந்த வரிசையில் ஹியேக் கஞ்சியைக் காண்பது அரிது. பல தலைமுறைகளின் வயிற்றை நிரப்பிய தானியம், சிறப்புணவு என்னும் பெயரைப் பெறவில்லை.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் கல்விக்காகவோ தொழிலுக்காகவோ ஜப்பான் செல்லக்கூடும். தகயாமாவுக்கும் ஒருமுறை சென்று வாருங்கள். காலைச் சந்தையில் அந்தச் செங்கிழங்கு ஊறுகாயை வாங்கி உண்ணுங்கள். ஹோ இலை கருகும் மணத்தை நுகருங்கள். அதை விற்கும் மூதாட்டியிடம், அவருடைய பாட்டி பனிக்காலத்தில் என்ன உண்டார் என்று கேளுங்கள். அவர் தரும் விடையையும் கேட்டு வந்தால்தான் நீங்கள் தகயாமாவின் உணவை முழுவதும் அறிந்தவர் ஆவீர்கள்.