கார்டு படுக்கைக்கு, முதல் வைத்தியம் யாரிடம்?

'எங்கள் வீட்டில் ஐந்து லட்சம் ரூபாய் கார்டு இருக்கிறது. அப்பாவுக்குக் காய்ச்சல் என்று டவுனில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். மாத்திரை, ரத்தப் பரிசோதனை என்று நாலாயிரம் ரூபாய் ஆகிவிட்டது. கார்டைக் காட்டினால் செல்லாது என்கிறார்கள். பிறகு கார்டு எதற்கு?' என்று பாகூர் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இது நெல்லைப் பற்றிய கேள்வி இல்லைதான். ஆனால் உழவர் உதவியகத்துக்கு வருகிறவர்கள் யூரியாவுக்கு அடுத்தபடியாக என்னிடம் கேட்பது இதைத்தான்.

ஆயுஷ்மான் பாரத் கார்டு ஒரு ஒப்பந்தத்தின் அடையாளம். 2018 செப்டம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை, அந்தச் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் கேட்கக் கூடாது. ஆனால் படுக்கையில் சேர்ந்தால்தான் இதெல்லாம். அதே மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள் பரிசோதனையும், வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்தும் அதில் அடக்கம். வெளிநோயாளியாகப் பார்த்துவிட்டு வருவதற்கு இந்தக் கார்டில் காசு இல்லை. அதாவது, உங்களை முதலில் பார்க்கும் டாக்டர் இந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே வரவில்லை.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. பிரான்சில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் நம் புதுச்சேரியில் நிறைய. அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே 2004-ல் வந்த சட்டப்படி, 16 வயது ஆனவர்கள் 'மெத்சேன் த்ரெத்தான்' என்று ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுத்து, இருவரும் கையெழுத்துப் போட்டுக் காப்பீட்டு அலுவலகத்தில் பதிய வேண்டும். எந்த நோயானாலும் முதலில் அவரிடம்தான் போக வேண்டும். பெரிய டாக்டரிடம் அனுப்புவதும், எல்லாக் காகிதங்களையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. அவர் வழியாகப் போனால் அரசு நிர்ணயித்த கட்டணத்தில் 70 சதவீதம் திரும்பக் கிடைக்கும். அவரைத் தாண்டி நேரே போனால் 30 சதவீதம்தான். அவசரத்துக்கும் வேறு சிலவற்றுக்கும் விலக்கு உண்டு.

நம் ஊரில் அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாமல் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, பணமும் கேட்பதில்லை. நாம்தான் அதைச் சளி மாத்திரை வாங்கும் இடமாகவே வைத்திருக்கிறோம். பார்ப்பது, முடிந்த வைத்தியம் செய்வது, முடியாததை உயிர் தாங்கும்படி செய்து மேலே அனுப்புவது, அனுப்பும்போது கடிதம் கொடுப்பது எல்லாம் அந்த டாக்டரின் கடமை. இந்தக் கடைசிக் கடிதத்தின் அருமை எனக்கு ஒரு கத்தரித் தோட்டத்தில்தான் புரிந்தது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை நேரம். முகத்தில் துணிகூடக் கட்டாமல் எதிர்காற்றில் மருந்து அடித்த கூலியாள் ஒருவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வியர்வை, வாயில் எச்சில் ஒழுகுகிறது, கண் மங்குகிறது என்கிறார். ஆட்டோவில் தூக்கிப் போட்டு அருகிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். டாக்டரின் முதல் கேள்வி, 'என்ன மருந்து?' தோட்டக்காரர், 'வெள்ளை பாட்டில் சார்' என்றார். பாட்டிலை வாய்க்காலில் எறிந்தாகிவிட்டது. வேளாண் அதிகாரியான எனக்கும் பதில் தெரியவில்லை. டாக்டர் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்ததைப் பார்த்து, பாஸ்பரஸ் வகை மருந்து என்று முடிவு செய்து அட்ரோபின் ஊசி போட்டார். எத்தனை மணிக்கு எவ்வளவு போட்டார் என்பதை எழுதிக் கொடுத்து 108-ல் ஜிப்மருக்கு அனுப்பினார். அங்கே முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான். ஆள் பிழைத்துக்கொண்டார்.

எனவே மருந்து பாட்டிலையும் அதனுடன் வரும் துண்டுத்தாளையும் அறுவடை வரை வைத்திருங்கள். கம்பெனிப் பெயர் டாக்டருக்கு உதவாது; கீழே இருக்கும் தொழில்நுட்பப் பெயர்தான் வேண்டும். முறிவு மருந்து என்ன என்பதும் அதிலேயே அச்சாகியிருக்கும். சிவப்பு முக்கோணம் என்றால் கடும் விஷம். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பாதிக்கப்பட்டவரின் உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்று வீட்டிலேயே வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இதில் போகும் உயிர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். 1989-ல் பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, முதலில் உயிரைக் காக்க வேண்டும், போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்கக் கூடாது. கார்டு இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பாம்புக்கடிக்கும் இதே வழிதான். கட்டு விரியன் கடித்தால் வலியோ தழும்போ தெரியாமலே போகலாம். வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் கொண்டுபோங்கள். சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, 20 நிமிடத்தில் உறைகிறதா என்று பார்க்கும் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மேலே அனுப்பினால், விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி ஏற்றினார்கள் என்பதைக் கடிதத்தில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். உங்கள் நிலையத்தில் இரவில் டாக்டர் இருப்பாரா என்பதையும் பகலிலேயே விசாரித்து வையுங்கள்.

படுக்கையில் சேரும் நிலை வந்தால், கார்டையும் ஆதாரையும் மருத்துவமனையிலுள்ள ஆரோக்கிய மித்ரா மேசையில் முதலிலேயே காட்டுங்கள். அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, இந்தச் சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா என்பதை அவர்தான் சொல்வார். திட்டத்தில் உள்ள சிகிச்சைக்கே பணம் கேட்டால் ரசீதைக் கேளுங்கள். 14555-க்குப் புகார் சொல்லுங்கள்.

பாகூர் வாசகருக்கு: கிளினிக்கில் கொடுத்த நாலாயிரம் திரும்ப வராது. அந்த ரத்தப் பரிசோதனைத் தாளைத் தூக்கிப் போடாமல் உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டுங்கள். அப்பாவுக்கு 70 வயது நிறைந்திருந்தால், வருமானம் எதுவானாலும் அவருக்கென்று தனியாக 5 லட்சம் ரூபாய் கார்டு உண்டு. 2024 அக்டோபரிலிருந்து கொடுக்கிறார்கள். ஆதாரோடு போய்ப் பதிந்து வாருங்கள்.